மவுல்ப்ரொன் துறவி மடம்: ஒரே நாளில் உருப்படியாகப் பார்ப்பது எப்படி

மவுல்ப்ரொனுக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. கோட்டை வாசல் மாதிரியான ஒரு வளைவைத் தாண்டிப் பெரிய முற்றத்தில் வந்து நிற்பார்கள். சுற்றிலும் மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள், உணவகம், நகராட்சி அலுவலகம், எதிரே தேவாலய முகப்பு. நாலு படம் எடுத்து, ஒரு காபி குடித்துவிட்டு, "பார்த்தாச்சு" என்று கிளம்பிவிடுவார்கள். முற்றத்துக்குக் கட்டணம் இல்லை, தடுப்பும் இல்லை. அதனால் உள்ளே இன்னும் ஒரு பாதி இருக்கிறது என்றே பலருக்குத் தோன்றாது. அவர்கள் பார்த்தது மடத்தின் லாயமும் பட்டறையும் தானியக் கிடங்கும்தான். துறவிகள் வாழ்ந்த இடம் தேவாலயத்துக்கு வடக்கே, சுவருக்குப் பின்னால் இருக்கிறது. டிக்கெட் வாங்குவது அதற்குத்தான்.

ஊர் தென்மேற்கு ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூவுக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கும் நடுவே. ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரம். 1147-இல் சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் இங்கே குடியேறினார்கள். 1178-இல் தேவாலயம் அர்ச்சிக்கப்பட்டது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே இடைக்கால மடம் ஒன்று இவ்வளவு முழுசாக வேறெங்கும் மிஞ்சவில்லை என்பதால் 1993-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. "முழுசாக" என்பதுதான் முக்கியம். ஐரோப்பாவில் இதைவிட அழகான மடத்துத் தேவாலயங்கள் நிறைய உண்டு. ஆனால் அங்கெல்லாம் சமையற்கட்டு போயிருக்கும், களஞ்சியம் போயிருக்கும், மதில் போயிருக்கும். இங்கே எல்லாம் நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு சிற்பமாக நின்று ரசிப்பதைவிட, யார் எங்கே போகலாம், யார் போகக்கூடாது, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று பார்த்துக்கொண்டே நடந்தால்தான் இந்த இடம் பிடிபடும்.

போகும் முன்

ரயிலில் போவதானால் ம்யூலாக்கர் நிலையத்தைக் குறி வையுங்கள். ஸ்டுட்கார்ட்–கார்ல்ஸ்ரூ பாதையில் இருப்பதால் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து மவுல்ப்ரொனுக்கு நேர்ப் பேருந்து உண்டு. இன்னொரு வழி, எஸ்9 ரயிலில் மவுல்ப்ரொன் வெஸ்ட் நிலையத்தில் இறங்குவது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்: அந்த நிலையம் ஊருக்கு வெளியே, மடத்திலிருந்து ஏறக்குறைய 3 கி.மீ. தள்ளி இருக்கிறது. பேருந்து இணைப்பு இல்லாத நேரத்தில் இறங்கினால் சாலையோரமாக நடக்க வேண்டியதுதான். கோடைக்கால ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் ஊருக்குள் இருக்கும் பழைய நிலையம் வரை சுற்றுலா ரயில் ஓடுகிறது. அந்தக் கிளைப் பாதையில் வழக்கமான பயணிகள் சேவை 1973-லேயே நின்றுவிட்டது.

திரும்பும் பேருந்தைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இடைவெளி அதிகம். ஒன்றை விட்டால் பயணமே குலைந்துபோகும். குடும்பமாகவோ நண்பர்களாகவோ போனால் பாடன்-வுட்டெம்பெர்க் டிக்கெட் கைகொடுக்கும். 5 பேர் வரை ஒரே டிக்கெட்டில் மாநிலம் முழுக்க வட்டார ரயில்களிலும் பேருந்துகளிலும் போகலாம். வார நாட்களில் அது காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். 8.40 வண்டியில் ஏறிவிட்டு "இருபது நிமிஷம்தானே" என்று பரிசோதகரிடம் வாதாடிப் பயனில்லை. காரில் வருகிறவர்கள் மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும்.

எந்த மாதம் போவது? மே முதல் செப்டம்பர் வரை நல்லது, ஆனால் இரண்டு இடையூறுகள். ஒன்று கச்சேரி. 1968-இலிருந்து கோடைதோறும் மடத்துக் கச்சேரித் தொடர் நடக்கிறது. தேவாலயத்திலும் பழைய உணவுக்கூடத்திலும் ஒத்திகை இருந்தால் அந்த அறைகள் பூட்டியிருக்கலாம். இன்னொன்று கல்யாணமும் ஞாயிறு ஆராதனையும். தேவாலயம் இன்றும் ஊரின் புராட்டஸ்டன்ட் சபைக்குரியது, அருங்காட்சியகம் என்பதற்காக ஆராதனையை நிறுத்திவைக்க மாட்டார்கள். எனவே சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாளில் போவதே மேல். குளிர்காலத்தில் நேரம் குறைவு, திங்கட்கிழமை மூடல். டிசம்பரில் முற்றத்தில் நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க அழகுதான். ஆனால் மடத்தைப் பார்க்க அன்றைக்குப் போகாதீர்கள், தலைகள்தான் தெரியும். கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறுவதால், போகும் வாரத்தில் மாநில அரண்மனைகள்–தோட்டங்கள் துறையின் இணையதளத்தில் மவுல்ப்ரொன் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். அறைகள் மூடும் தகவலையும் அங்கேதான் போடுவார்கள்.

ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். இதை எழுதினால் சிரிப்பார்கள், போய் நின்ற பிறகு கேட்பார்கள். தடித்த மணற்கல் சுவர்கள் குளிர்காலத்துக் குளிரை வெகு தாமதமாகத்தான் விடும். வெளியே 30 டிகிரி அடிக்கும்போது உள்ளே அரைமணி நேரத்தில் கை சில்லிட்டுப்போகும். முற்றம் முழுக்கக் கல் பாவிய தரை; மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பு பாதத்தைப் பதம் பார்க்கும். குழந்தை வண்டி தள்ளலாம், ஆனால் சிறு சக்கரம் சிக்கும். கைக்குழந்தை என்றால் துணிப்பையில் மார்போடு கட்டிக்கொள்வது வசதி. உள்ளே ஆங்காங்கே படிகள் உண்டு. முட்டி வலி உள்ள பெரியவர்கள் தேவாலயத்தையும் சுற்றுமண்டபத்தையும் பார்த்தாலே போதும், முக்கியமானவை அங்கேயே முடிந்துவிடும்.

தலையில் ஒரு வரைபடம்

டிக்கெட்டைக் காட்டி உள்ளே போகும் முன் இந்த அமைப்பை மனதில் ஏற்றிக்கொண்டால் வழி தவறாது. நடுவில் சதுரமான ஒரு தோட்டம். அதைச் சுற்றிக் கூரையிட்ட நடைபாதை, அதுதான் சுற்றுமண்டபம். தெற்கே தேவாலயம். கிழக்கே துறவிகள் கூடும் அறை, பேசும் அறை, மாடியில் தூங்குமிடம். வடக்கே உணவுக்கூடம், அதன் ஒரு பக்கம் கணப்பறை (குளிர் காயும் அறை), மறுபக்கம் சமையற்கட்டு. மேற்கே கிடங்கும் பணிச் சகோதரர்களின் உணவுக்கூடமும்.

பணிச் சகோதரர்கள் என்பவர்கள் யார் என்று தெரியாமல் இந்த மடத்தைப் பார்த்தால் பாதி புரியாது. சிஸ்டெர்சியன் விதிப்படி மடம் தன் கை உழைப்பில் பிழைக்க வேண்டும். ஆனால் துறவிகள் பகலில் ஏழு முறையும் நள்ளிரவுக்குப் பின் ஒரு முறையும் ஜெபத்துக்குக் கூட வேண்டும். அப்புறம் திராட்சைத் தோட்டத்தை யார் பார்ப்பது? மீன் குளத்தை யார் தூர்வாருவது? அதற்காகச் சேர்க்கப்பட்டவர்கள் இவர்கள். துறவு வாக்கு கொடுத்தவர்கள்தான், ஆனால் படிப்பு கிடையாது, மடாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் குரல் கிடையாது. உடை வேறு, சாப்பாட்டு அறை வேறு, தேவாலயத்தில் நிற்கும் இடமும் வேறு. ஒரே மதிலுக்குள் இரண்டு மடங்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வழக்கமாகச் சிஸ்டெர்சியன் மடங்களில் சுற்றுமண்டபம் தேவாலயத்துக்குத் தெற்கே, வெயில் படும் பக்கமாக இருக்கும். இங்கே வடக்கே. அதனால் தேவாலயத்தின் நிழல் தோட்டத்தின் மேல் விழுகிறது. குளிர்காலத்தில் வெயில் எட்டியே பார்க்காது. படம் எடுக்க நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

நடக்கும் வரிசை

வெளிச்சத்தை வைத்து வரிசையை முடிவு செய்யுங்கள். தேவாலயத்தின் பெரிய ஜன்னல் கிழக்கே; அதற்குக் காலை நல்லது. முகப்பு மண்டபம் மேற்கே முற்றத்தைப் பார்த்திருக்கிறது. மதியம் சாயும்போதுதான் உள்ளே வெயில் நுழைந்து தூண்களின் உருவம் தெரியும். காலை 10 மணிக்கு அதைப் பார்த்துவிட்டு "இருட்டுக் குகை" என்று சொல்பவர்கள் உண்டு. முகப்பு மண்டபத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, முதலில் தேவாலயத்துக்குள் போங்கள்.

*தேவாலயம்.* உள்ளே நின்று முதலில் மேலே பார்க்க வேண்டாம், நேரே பாருங்கள். கண்ணை மறிக்கும் ஒரு கல் தடுப்புச் சுவர் நடுவே நிற்கிறது. இந்தப் பக்கம் பணிச் சகோதரர்கள், அந்தப் பக்கம் துறவிகள். பணிச் சகோதரர்கள் பலிபீடத்தைக் கண்ணால் பார்க்காமலே பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான மடங்களில் இந்தச் சுவரைப் பிற்காலத்தில் இடித்துவிட்டார்கள். இங்கே 12-ஆம் நூற்றாண்டுச் சுவர் அப்படியே நிற்பது அபூர்வம். அதன் மேல் விளிம்பில் ஓடும் கட்டம் கட்டமான செதுக்கலைக் கவனியுங்கள்.

சுவருக்கு முன்னால் நிற்கும் பெரிய சிலுவை 1473-ஐச் சேர்ந்தது. மரம் போலத் தோன்றும்; கல். கிட்டே போய்ப் பார்த்தால் சிலுவை மரத்தின் ரேகைகளைக்கூடச் சிற்பி கல்லில் இழைத்திருப்பது தெரியும். ஜூன் 21-ஐ ஒட்டிய காலைகளில் ஜன்னல் வழி வரும் சூரிய ஒளி அதன் முள்முடியில் விழும் என்பார்கள். அந்த வாரம் அதற்காகவே கூட்டம் வரும். சிலுவையை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் வேறு வாரம் வாருங்கள்.

இப்போது மேலே பாருங்கள். வலைபோலப் பின்னிய கல் கூரை 1424-இல் போட்டது. அதற்கு முன் தட்டையான மரக் கூரைதான் இருந்தது. கீழே கனத்த பழைய தூண்கள், மேலே 250 வருடம் இளைய மெல்லிய கல் விலாக்கள் (கூரையைத் தாங்கும் வளைவுகள்). இரண்டும் ஒட்டாமல் இருப்பதாகக் கண்ணுக்குப் பட்டால் உங்கள் கண் சரியாகத்தான் வேலை செய்கிறது.

தடுப்புச் சுவரைத் தாண்டினால் துறவிகளின் இருக்கை வரிசை, 1450 வாக்கில் ஓக் மரத்தில் செய்தது, 92 இடங்கள். பக்கப் பலகைகளில் பைபிள் காட்சிகள் உண்டு. சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சிம்சோனைக் கண்டுபிடியுங்கள். குழந்தைகளோடு போனால் தேடவிடலாம். மது மயக்கத்தில் கிடக்கும் நோவாவும் இங்கே உண்டு. சுற்றுவட்டாரம் முழுக்கத் திராட்சை விளைவித்த மடத்தில் அது எச்சரிக்கையா, குறும்பா என்று அவரவர் முடிவு செய்யலாம். மடக்கிய இருக்கைகளின் அடியில் கையளவு ஒரு மரத் திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். மணிக்கணக்கில் நின்று பாட வேண்டிய கிழத்துறவிகள், நிற்பது போலவே நின்றுகொண்டு அதில் சாய்ந்துகொள்வார்கள். உட்கார்ந்து பார்க்க ஆசை வரும், கூடாது.

*கிழக்கு, வடக்குப் பக்கங்கள்.* சுற்றுமண்டபத்துக்குள் வந்ததும் தேவாலயத்தை ஒட்டிய தெற்கு நடையை முதலில் முடித்துவிடுங்கள். நான்கு நடைகளில் அதுதான் மூத்தது, வேலைப்பாட்டில் சிறந்ததும் அதுதான். கிழக்கு நடையில் துறவிகள் கூடும் அறையில் தினமும் சபை விதியிலிருந்து ஒரு அதிகாரம் வாசிக்கப்படும், குற்றங்கள் ஒப்புக்கொள்ளப்படும், நிலம் வாங்குவது விற்பது முடிவாகும். மௌன விதி இருந்ததால், அவசியப் பேச்சுக்கு ஒதுக்கியதுதான் அடுத்துள்ள பேசும் அறை. அதன் கூரைப் பின்னல் 1490-களில் செய்தது.

வடக்கு நடைதான் நேரம் கொடுக்க வேண்டிய இடம். அரை மணிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நீரூற்று மண்டபம் மவுல்ப்ரொனின் முகம், எல்லா அஞ்சலட்டையிலும் இருப்பது. மூன்று கிண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, மேலிருந்து கீழே தண்ணீர் வழியும். எல்லாமே பழசு என்று நினைப்போம். அடியில் இருக்கும் பெரிய கிண்ணம்தான் இடைக்காலத்தது. மேலே உள்ள இரண்டும் 1878-இல் சேர்த்தவை. மேல்மாடியின் மரச்சட்ட வேலையும் பிற்காலத்தது. கூரையில் மடம் தோன்றிய கதை தீட்டப்பட்டிருக்கிறது: துறவிகள் இடம் தேடி ஒரு கோவேறு கழுதையை அவிழ்த்துவிட்டார்கள், அது நின்று குளம்பால் உதைத்த இடத்தில் ஊற்று கிளம்பியது. ஊர்ச் சின்னத்திலும் கழுதை இருக்கிறது.

இந்த ஊற்று அலங்காரத்துக்கு வைத்ததல்ல. நேர் எதிரே பாருங்கள், உணவுக்கூடத்தின் வாசல். கை கழுவாமல் சாப்பாட்டுக்கு உட்காரக்கூடாது என்பது விதி. அதனால்தான் மடங்களில் நீரூற்று எப்போதும் உணவுக்கூட வாசலுக்கு எதிரே இருக்கும்.

உணவுக்கூடத்தின் உள்ளே நடுவில் ஒரே வரிசையாக ஏழு தூண்கள். ஒன்று தடிமன், அடுத்தது மெலிவு, மறுபடி தடிமன். 1220–30 வாக்கில் கட்டியது. சுவரில் வாசகர் மேடையைத் தேடுங்கள். சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். வழிகாட்டிகள் இங்கே ஒரு கதை சொல்வார்கள். தூண் ஒன்றில் சிறு வாய்க்கால் வெட்டி அதில் திராட்சை மது ஓடவிடுவார்களாம். நோன்பு நாளில் துறவிகள் விரல் நனைத்து நக்கிக்கொள்ளலாமாம். பத்து விரல் போதாமல் ஒருவர் பதினோராவது விரல் கேட்டாராம். பக்கத்து மலைச்சரிவுத் திராட்சைத் தோட்டமான ஐல்ஃபிங்கர்பெர்கின் ('பதினோரு விரல் மலை') பெயருக்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். கதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டம் மட்டும் நிஜம். இன்றும் அங்கே மது தயாராகிறது.

பக்கத்துக் கணப்பறையைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். வெறும் அறையாகத்தான் தெரியும். குனிந்து தரையைப் பாருங்கள்: கல்லில் துளைகள். கீழே ஒரு நிலவறை. அதில் கற்களைக் குவித்து விறகை எரிப்பார்கள். புகை வெளியேறி நெருப்பு அணைந்ததும் துளைகளின் மூடியைத் திறப்பார்கள், கற்களில் சேர்ந்த சூடு காற்றோடு மேலே ஏறி அறையை நிரப்பும். புகை இல்லை, சாம்பல் இல்லை. துறவிகளுக்குச் சூடான அறை இது ஒன்றுதான். தூங்குமிடத்தில் நெருப்பு கிடையாது. ஜனவரியில் போய் நின்று பார்த்தால் இந்த அறையின் மதிப்பு விளங்கும்.

சமையற்கட்டு மறுபக்கம், துறவிகளின் கூடத்துக்கும் பணிச் சகோதரர்களின் கூடத்துக்கும் இடையில். ஒரே அடுப்பு, இரண்டு பந்தி.

*மேற்குப் பக்கம்.* பணிச் சகோதரர்களின் உணவுக்கூடம் நீளமானது, தாழ்வானது, இரட்டை இரட்டையாகத் தூண்கள் நிற்பது. துறவிகளின் கூடத்தைப் பார்த்த கையோடு இங்கே வாருங்கள். இரண்டின் கூரை உயரத்தையும் ஒப்பிட்டாலே யாருக்கு என்ன தகுதி என்பது தெரிந்துவிடும்.

*முகப்பு மண்டபம்.* இப்போது மதியம் ஆகியிருக்கும். "பாரடைஸ்" என்று ஊரே அழைக்கும் இந்த மண்டபம் 1220 வாக்கில், பெயர் தெரியாத ஒரு தலைமைச் சிற்பி கட்டியது. பிரான்சிலிருந்து வந்த புதிய கோதிக் கட்டடப் பாணி ஜெர்மனியில் காலூன்றிய முதல் இடங்களில் ஒன்று. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, சொல்லாவிட்டால் கண்ணில் படாது. தூண்களின் போதிகைகளை, அதாவது தூண்களின் தலைப்பகுதியைப் பாருங்கள்; எல்லாம் ஒரே உயரத்தில் இல்லை. சில வளைவுகள் தாழ்ந்த இடத்திலிருந்தும் சில மேலிருந்தும் கிளம்புகின்றன. காரணம் இதுதான்: சிற்பிக்குக் கூரான வளைவு கைவரவில்லை அல்லது விருப்பமில்லை, அரைவட்ட வளைவையே எல்லா விலாவுக்கும் வைத்திருக்கிறார். அரைவட்டத்தின் உயரம் அதன் அகலத்தில் பாதி. மூலைக்கு மூலை போகும் விலா அகலமானது, பக்கவாட்டு வளைவு குறுகியது. இரண்டின் உச்சியும் ஒரே மட்டத்தில் முடிய வேண்டுமானால், அகலமானது தாழ்விலிருந்தும் குறுகியது உயரத்திலிருந்தும் தொடங்கித்தான் ஆக வேண்டும். கூரான வளைவு என்றால் இந்தத் தொல்லையே இல்லை, கூர்மையைக் கூட்டிக் குறைத்து உயரத்தைச் சரிக்கட்டிவிடலாம். ஒரு தலைமுறைக்குள் எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள். இங்கே அந்த மாற்றத்துக்கு முந்தைய கணக்கு கல்லாகவே நிற்கிறது.

தேவாலய வாசலின் கதவுகளையும் பார்த்துவிடுங்கள். மரத்தின் வளர்ச்சி வளையங்களை வைத்துக் கணித்ததில் 1178-ஐச் சேர்ந்தவை என்று தெரிந்திருக்கிறது. தேவாலயம் அர்ச்சிக்கப்பட்ட அதே வருடம். தொடக்கூடாது.

படம் எடுப்பவர்களுக்கு

ஃபிளாஷ் வேண்டாம். தடை, மரியாதை எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், கூரை அவ்வளவு உயரத்தில் இருக்க அது எட்டவே எட்டாது. முன்னால் இருக்கும் தூண் மட்டும் வெளுத்துப்போகும். தூணிலோ சுவரிலோ முதுகைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து எடுங்கள். முக்காலி கொண்டுபோக வேண்டாம், அனுமதி கேட்க வேண்டி வரும். நீரூற்று மண்டபத்துக்குக் கோடைக்கால நண்பகல்தான் நேரம். தெற்கே தேவாலயத்துக்கு மேலாக வரும் வெயில் அப்போதுதான் உள்ளே இறங்கும்.

பள்ளிக்கூடமும் பேரனும் தாத்தாவும்

சில கதவுகள் மூடியிருக்கும், அவற்றைத் தள்ளிப் பார்க்காதீர்கள். அவற்றுக்குப் பின்னால் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். 1530-களில் இந்தப் பகுதியை ஆண்ட வுட்டெம்பெர்க் அரசு லூதரன் (புராட்டஸ்டன்ட்) பக்கம் சாய்ந்தபோது மடத்தின் வாழ்வு முடிந்தது. 1556-இல் டியூக் கிறிஸ்டோஃப் இங்கே பள்ளி தொடங்கினார். கட்டடங்கள் பிழைத்ததற்கு அதுதான் காரணம். ஆள் இல்லாத மடங்களைச் சுற்றியிருந்த ஊர்கள் கல்லுக்குக் கல் பெயர்த்துக்கொண்டு போயின, ஆள் இருந்த இது தப்பித்தது. விடுதியுடன் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

கோள்கள் சூரியனைச் சுற்றும் பாதையை வகுத்த யோஹன்னஸ் கெப்ளர் 1586 முதல் 1589 வரை இங்கே மாணவர். கவிஞர் ஹோல்டர்லினும் படித்தார். எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1891-இல் சேர்ந்து, அடுத்த மார்ச்சில் ஓடிப்போனார். கதைகளில் இந்த மடத்தைத் திரும்பத் திரும்ப எழுதினார், சிலவற்றில் வேறு பெயர் வைத்து. அவருடைய தாய்வழித் தாத்தா ஹெர்மன் குண்டர்ட்டும் 1827 முதல் இதே பள்ளியில் படித்தவர்தான். குண்டர்ட் 1836-இல் மதராஸில் வந்திறங்கி, தமிழ் கற்று, திருநெல்வேலிப் பக்கம் இருந்துவிட்டுத் தலச்சேரி போனார். 1872-இல் வெளிவந்த மலையாள–ஆங்கில அகராதி அவருடையது. ஹெஸ்ஸேயின் தாய் பிறந்ததும் தலச்சேரியில். மடத்துக்கும் இலக்கியத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் தனிக் காட்சியகம் முற்றத்தில் இருக்கிறது. வாசிக்கப் பிடித்தவர்கள் அரை மணி ஒதுக்கலாம். ஃபவுஸ்ட் கோபுரம் என்று ஒன்றைக் காட்டுவார்கள், அங்கே மந்திரவாதி ஃபவுஸ்ட் தங்கம் செய்து பார்த்ததாகக் கதை. வெளியே நின்று பார்த்தால் போதும்.

தண்ணீரைத் தேடி வெளியே

நேரம் இருந்தால், இல்லாவிட்டாலும் ஏற்படுத்திக்கொண்டு, மதிலுக்கு வெளியே ஒரு மணி நேரம் நடங்கள். துறவிகள் முதலில் குடியேறியது இங்கே அல்ல. 1138-இல் எக்கன்வையர் என்ற இடத்தில். அங்கே தண்ணீர் போதவில்லை. ஸ்பேயர் நகரத்து ஆயர் இந்தப் பள்ளத்தாக்கைக் கொடுத்தார். ஸால்ஸாக் என்ற சிறு ஓடை இங்கே உண்டு (ஆஸ்திரியாவின் பெரிய நதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). அந்தச் சதுப்பை வடித்து, கரை கட்டி, குளத்துக்குக் கீழே குளமாக அடுக்கி, வாய்க்கால் வெட்டினார்கள். ஆலை சுற்றியது அந்தத் தண்ணீரில், கழிவு போனது அந்தத் தண்ணீரில். நோயில்லாத துறவி மாமிசம் தொடக்கூடாது என்ற விதி இருந்ததால் மீனும் அந்தத் தண்ணீரிலிருந்துதான். யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததற்கு இந்த நீர் அமைப்பும் ஒரு காரணம், ஆனால் வருகிறவர்களில் பலர் இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மதிலை ஒட்டி மேலே ஏறினால் "ஆழக் குளம்" வந்துவிடும். துறவிகள் வெட்டியது, இன்று ஊர்க்காரர்களின் நீச்சல் குளம். கோடையில் நீச்சல் உடை கொண்டுபோனால் உபயோகமாகும். கரையில் நின்று கீழே பாருங்கள்: குளம் மேலே, மடம் கீழே. பம்ப் இல்லாமல் நீரூற்று எப்படிப் பாய்ந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படியே திராட்சைச் சரிவில் ஏறினால் மடம் முழுவதும் ஒரே பார்வையில் விழும். தேவாலயத்துக்குக் கோபுரமே இல்லை, கூரை முதுகில் சின்ன மணிக்கூடு மட்டும்தான். கல் கோபுரம் ஆடம்பரம் என்று சபை தடை செய்திருந்தது.

சாப்பாடு

இந்த வட்டாரத்தின் உணவு மவுல்டாஷன்: மாவுக்குள் பொருள் வைத்து மடித்து வேகவைத்தது. நோன்பு நாளில் கடவுளுக்குத் தெரியாமல் மாமிசத்தை மாவுக்குள் ஒளித்த மவுல்ப்ரொன் துறவிகளின் வேலை என்று கதை. சாதாரணமாக உள்ளே அரைத்த இறைச்சியும் பசலைக்கீரையும் இருக்கும், பன்றி இறைச்சியும் சேரும். சைவம் என்றால் "வெகெடாரிஷ்" என்று கேளுங்கள், பல இடங்களில் கிடைக்கும். அதோடு விட்டுவிடாதீர்கள். உள்ளே காய்கறி வைத்ததை மாட்டிறைச்சிச் சாற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து வைப்பது உண்டு. சாறு வேண்டாம், வெண்ணெயில் வெங்காயம் வதக்கிப் போட்டது வேண்டும் என்று சொல்லுங்கள். பன்றிக் கொழுப்பு சேர்ப்பீர்களா என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாவில் முட்டை இருக்கும். முட்டையும் ஆகாதென்றால் கட்டுச்சோறு கொண்டுபோவதே நிம்மதி. மடத்துக்குள் சாப்பிட முடியாது, குளக்கரையில் இடம் இருக்கிறது.

மதியம் 2 மணிக்கு மேல் பல உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும், மாலைதான் மறுபடி எரியும். ஆகவே 10 மணிக்குள் தேவாலயம், 12-க்குச் சுற்றுமண்டபத்தின் வடக்கு நடை, 1 மணிக்குச் சாப்பாடு, 2-க்குப் பாரடைஸ், அப்புறம் குளம் என்று போட்டுக்கொண்டால் எதுவும் இடிக்காது. மறுபடி உள்ளே விடுவார்களா என்பதை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விட மாட்டோம் என்றால் சாப்பாட்டை 11.30-க்கே வைத்துக்கொண்டு, தேவாலயத்தை மட்டும் முதலில் பார்க்கும் எண்ணத்தைக் கைவிட்டு, மதியம் ஒரே மூச்சில் முழுவதையும் பாருங்கள்.